மேட்டுத் தெருவுக்குப் பச்சைப் பென்சில்

நகராட்சியில் படம் வரைகிறவளின் வேலை, மண்ணுக்கு அடியில் இருப்பதைக் கண்ணால் பார்க்காமலேயே பார்த்த மாதிரி வரைவது. குழாயடியில் குடத்தை வைத்துவிட்டு நகராட்சிக்காரர்களைத் திட்டியிருக்கிற எல்லோருக்கும் முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். உங்களோடு அதே வரிசையில்தான் நானும் நின்றேன். நானும் திட்டியிருக்கிறேன், பிறகு பத்து மணிக்கு ஆபீஸுக்குப் போய் அதே திட்டை வாங்கியும் இருக்கிறேன்.

கோயமுத்தூரிலிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடக்கூடிய ஊர். பெயர் வேண்டாம், அங்கிருந்து இன்னும் எனக்குக் கல்யாணப் பத்திரிகை வந்துகொண்டிருக்கிறது. தொண்ணூறுகளின் பின்பாதியில் எங்கள் நகராட்சி தன் குடிநீர்த் திட்டத்தைப் புதுப்பிக்க வெளியிலிருந்து கன்சல்டன்ட் வைத்தது. எனக்கோ எதையும் நோண்டிப் பார்க்கிற புத்தி. அந்த ஒரு வருஷம் போல வேலையில் சுவாரஸ்யமான வருஷம் எனக்கு முன்னாலும் இல்லை, பின்னாலும் இல்லை.

எத்தனை ரூம்?

பழைய திட்டம் போட்ட காலத்தில் ஊரில் பாதி வீடுகள் கிடையாது. அப்புறம் விசைத்தறி வந்தது, பனியன் கம்பெனி வந்தது, சோளக்காடெல்லாம் சைட்டாகிவிட்டது. புதுத் தொட்டி கட்ட அனுமதி கேட்டு எழுதினால் மேலிடத்திலிருந்து பதில் வந்தது. முதலில் வெளியாள் ஒருவரை வைத்துப் பழைய திட்டத்தைப் புதுப்பியுங்கள், எந்தத் தெருவில் தண்ணீர் மோசமோ அது முதல் கட்டம், மற்றதெல்லாம் பிறகு. அந்தப் 'பிறகு' எப்போது என்று எங்கள் ஆபீஸில் ஒருவரும் கேட்கவில்லை. அரசாங்கத்தோடு கொஞ்ச நாள் பழகினவர்கள் அதைக் கேட்க மாட்டார்கள்.

எங்கள் எஞ்சினியர் துரைசாமிக்கு எந்தச் சந்தில் எந்தக் குழாய் ஒழுகும் என்பது மனப்பாடம். கடிதத்தை இரண்டு தடவை படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மூன்றாவது தடவையும் படித்தார். பிறகு என்னைப் பார்த்துச் சொன்னார்: "நம்மூட்ல எத்தன ரூமுன்னு எண்ணிச் சொல்றதுக்கு வெளியூர்லிருந்து ஆளு வரோணுமாமா அம்மணி, அவிய எண்ணிச் சொன்னாத்தான் நாம உள்ள போயிப் படுக்கோணுமாமா!"

கடற்கரை

மூன்று கம்பெனிகள் மனுப் போட்டன. கவுன்சிலர்கள் முன்னால் ஒவ்வொருவரும் வந்து விளக்க வேண்டும். படங்களைப் பிடித்துக்கொண்டு நிற்பது என் வேலை, ஆகவே நல்ல இடத்திலிருந்து வேடிக்கை பார்க்க முடிந்தது. முதலில் வந்தவர் கோட்டுப் போட்டிருந்தார். அவர் கொடுத்த புத்தகம் தலையணை கனம். அதில் எங்கள் ஊரைப் பற்றி அவர் வாசித்துக்கொண்டே வந்தபோது, 'கடலோரக் குடியிருப்புகளில் உப்பு நீர் புகுவதைத் தடுத்தல்' என்று ஒரு பத்தி வந்தது.

எங்கள் ஊரில் ஒருவர் கடலைப் பார்க்க வேண்டுமென்றால் மலையைத் தாண்டிக் கேரளாவுக்குள் பாதி நாள் போக வேண்டும். வேறு ஏதோ ஊருக்கு எழுதியதில் ஊர்ப் பெயரை மட்டும் மாற்றியிருக்கிறார்கள், கடலை மாற்ற மறந்துவிட்டார்கள். கோட்டுக்காரர் முகத்தில் ஒரு சலனமும் இல்லை, அடுத்த பத்திக்குப் போய்விட்டார். தோட்டமும் மில்லும் வைத்திருந்த ஒரு கவுன்சிலர்தான் மெதுவாகக் கையைத் தூக்கினார். "கடலு வர்றதா இருந்தா முன்னாலயே சொல்லிப்போடுங்க சார், கரையோரமா ரெண்டு சென்ட்டு வாங்கிப் போட்டுக்கறோமுங்க."

மடிப்பு

கடைசியாக வேலை கிடைத்தது மெட்ராஸிலிருந்து வந்த ராகவனின் கம்பெனிக்கு. "உங்க ஊர் எனக்குத் தெரியாது, வந்து பார்த்தால்தான் சொல்ல முடியும்" என்று சொன்ன ஒரே ஆள் அவர்தான். வந்ததும் குழாய் வரைபடத்தைக் கேட்டார். நான் டிரேசிங் பேப்பரில் வரைந்து வைத்திருந்த படத்தைப் பெருமையாக விரித்தேன். அதில் இரண்டு தொட்டிகளுக்கு நடுவே நேராக ஓடிய ஒரு குழாயைப் பார்த்து ராகவனுக்கு ஒரே சந்தோஷம். இதை வைத்தே பாதிப் பிரச்சினையைத் தீர்த்துவிடலாம் என்றார்.

மூன்று இடத்தில் தோண்டினார்கள். செம்மண்ணும் சரளையும்தான் வந்தது. வால்வு திறந்துவிடும் ரஹீம் பாய் குழிக்குள் எட்டிப் பார்த்து, தனக்குத் தெரிந்து அங்கே குழாய் கிடையாது என்று சொல்லிவிட்டார். எனக்கு ரோஷம். பீரோவின் அடியிலிருந்து எனக்கு முந்தின காலத்துப் பழைய படத்தை எடுத்து விரித்தால், அந்தக் 'குழாய்' கண் முன்னால் கிடந்தது. பல வருஷமாக நான்காக மடித்து வைத்ததில் கறுத்துப்போன மடிப்புக் கோடு! வேலைக்குச் சேர்ந்த புதிதில் இந்தப் படத்தைப் பார்த்து நகலெடுத்தபோது, அதிகப்படியான சுறுசுறுப்பில், அதை ஸ்கேல் வைத்து இழுத்து 'ஆறு அங்குலம்' என்று விட்டமும் எழுதி வைத்தவள் சாட்சாத் நான்தான். ஏன் ஆறு அங்குலம் என்று எழுதினேன் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

குழி ஓரமாக நின்று எல்லோர் முன்னாலும் ஒப்புக்கொண்டேன். ராகவன் நல்ல மனிதர், குழிகளை மூடச் சொல்லிவிட்டார். ரஹீம் பாய்தான் என்னைத் தேற்றினார். "அதுக்கென்னுங்க அம்மணி, வரைஞ்சதுதான் வரைஞ்சீங்க, உள்ளுக்குள்ள கொஞ்சம் தண்ணியும் வரைஞ்சு உட்டிருக்கலாமுங்கல்ல?"

பச்சை

அடுத்தது வீடு வீடாகக் கேட்பது. ராகவனின் ஆட்கள் நாலு பேர் படிவத்தோடு கிளம்பினார்கள். 'உங்கள் வீட்டுக்குத் தண்ணீர் எப்படி வருகிறது?' பதிலை எழுதிக் கீழே கையெழுத்து. படிவங்களைப் பார்த்துப் படத்தில் தெருத் தெருவாக நான் வண்ணம் தீட்ட வேண்டும். மோசமென்றால் சிவப்பு, சுமாரென்றால் மஞ்சள், நன்றாக வந்தால் பச்சை. பஜார் முழுக்கச் சிவப்பாக வந்தது. மேட்டுத் தெரு முழுக்கப் பச்சை.

என் கை நின்றுவிட்டது. மேட்டுத் தெரு ஊருக்கே உயரமான இடம், குழாயின் கடைக்கோடி. தறிக்குப் போகிறவர்கள் தெரு. தினமும் அந்தத் தெருப் பெண்கள் சைக்கிளில் குடத்தைக் கட்டிக்கொண்டு எங்கள் ஆபீஸ் வளாகத்துக் குழாய்க்கு வருவதை நான் ஜன்னல் வழியாகப் பார்க்கிறேன். பஜார்க்காரர்கள் சிவப்பு ஆனதுகூடப் புரிந்தது. வியாபாரம் எப்படி என்று யார் கேட்டாலும் 'டல்லுங்க' என்று சொல்லிப் பழகியவர்கள் அவர்கள். ஆனால் மேட்டுத் தெரு பச்சையானால் தொட்டி கிடையாது, 'பிறகு'தான். ராகவனிடம் போய்ச் சொன்னேன். வாருங்கள், நாமே போய்க் கேட்போம் என்றார்.

முதலில் போனது சரஸ்வதி வீட்டுக்கு. விசைத்தறியில் நூல் சுற்றுகிறவர், ஆபீஸ் குழாயடியில் எனக்குப் பழக்கம். "வாங்க, உக்காருங்க" என்று நாற்காலி போட்டு, பளபளவென்று துலக்கிய சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். குடித்தோம். தண்ணீர் எப்படி வருகிறது என்று ராகவன் கேட்டார். "பரவாயில்லீங்க, வருதுங்க." அடுத்த வீட்டிலும் நாற்காலி, சொம்பு, பரவாயில்லீங்க. ஆறு வீட்டில் இதே கதை. என் வயிற்றுக்குள் தண்ணீர் தளும்பியது. பொறுக்க முடியாமல் திரும்பி வந்து, சரஸ்வதியைத் தனியாகப் பின்பக்கம் கூட்டிக்கொண்டு போய், ஏன் இப்படிப் பொய் சொல்கிறீர்கள் என்று கேட்டேவிட்டேன். அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "ஊடு தேடி வந்தவிய கையில சொம்பக் குடுத்துப்போட்டு, தண்ணியே இல்லீங்கன்னு வாயில சொன்னா, குடிச்ச தண்ணி அவியளுக்கு எறங்குமுங்களா?"

நிமிர்ந்த பாத்திரம்

வாயைக் கேட்டுப் பயனில்லை என்று தெரிந்துவிட்டது. வேறு எதைக் கேட்பது? ஒரு வாரம் மண்டையைக் குடைந்தது. வீட்டில் இருக்கிற பாத்திரத்தை எண்ணினால் என்ன என்று கேட்டேன். தண்ணீர் வராத வீட்டில்தானே குடம் அதிகம் இருக்கும். ராகவன் சரியென்று எண்ணிப் பார்த்தார். பஜார் வீடுகளில்தான் அதிகம் இருந்தது! அண்டாவும் தவலையுமாக அடுக்கி வைத்திருந்தார்கள். ஒரு வீட்டு அம்மாள் ஒவ்வொன்றையும் காட்டி, எது தன் சீர், எது மருமகள் சீர் என்று அரை மணி நேரம் சொன்னார். ராகவன் தலையில் கை வைத்துக்கொண்டார்.

எனக்குத்தான் சட்டென்று கண்ணில் பட்டது. பஜார் வீட்டு அண்டாக்களெல்லாம் பரண்மேல் கவிழ்த்துக் கிடந்தன. மேட்டுத் தெருவுக்கு ஓடினோம். அங்கே அண்டாவிலிருந்து பால் குண்டா வரைக்கும் ஒன்றுகூடக் கவிழ்ந்திருக்கவில்லை. எல்லாம் நிமிர்ந்து, நிறைந்து, மேலே தட்டு மூடியிருந்தது. சமைக்கிறதுக்குப் பாத்திரம் வேண்டுமென்றால் முதலில் ஒன்றைக் காலி செய்ய வேண்டும். அன்றிலிருந்து நிமிர்ந்திருக்கிற பாத்திரத்தை மட்டும் எண்ணினோம், படத்தின் நிறம் அப்படியே மாறிவிட்டது. எஞ்சினியர் துரைசாமி கணக்கைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "இத்தன வருசமா பிரஷர் கேஜ வெச்சுப் பாத்தனுங்க, அண்டா கவுந்து கெடக்குதா நிமுந்து கெடக்குதான்னு பாக்கோணும்னு தோணவே இல்லியே."

சேர்மன் கேட்ட தண்ணீர்

எங்கள் சேர்மன் ஒத்துக்கொள்ளவில்லை. அவருக்கே பஜாரில் கடை. ஜனங்கள் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த படிவம் ஒரு பக்கம், இவர்கள் எண்ணிய அண்டா ஒரு பக்கம், எதை நம்புவது என்று கேட்டார். நியாயமான கேள்விதான். செவ்வாய்க்கிழமை தானே நேரில் வந்து கேட்பதாகவும், இல்லை என்று சொன்னால் முதல் கட்டம், பரவாயில்லை என்று சொன்னால் பச்சைதான் என்றும் முடித்துவிட்டார். நான் சரஸ்வதியிடம் ஓடினேன். அவர் வந்து கேட்கும்போது மட்டும் பரவாயில்லை என்று சொல்லிவிடாதீர்கள், சொன்னால் உங்கள் தெருவுக்கு இந்த ஜென்மத்தில் தொட்டி இல்லை என்று கெஞ்சினேன். அவர் சேலைத் தலைப்பைத் திருகிக்கொண்டே நின்றார். எனக்கு அழுகை வந்தது.

சித்திரை வெயில். சேர்மன், துரைசாமி, ராகவன், நான். இந்தத் தடவை தெருவின் மறுகோடியிலிருந்து ஆரம்பித்தோம். முதல் வீட்டில் நாற்காலி போட்டார்கள், விசிறி கொடுத்தார்கள். தண்ணீர் எப்படி என்று சேர்மன் கேட்டார். "பரவாயில்லீங்க." தீர்ந்தது என்று நினைத்தேன். இரண்டாவது வீட்டிலும் அதே பதில். ராகவன் வாடிய முகத்தோடு எழுதிக்கொண்டார். மூன்றாவது வீட்டில்தான் எனக்கு ஏதோ குறைகிற மாதிரி இருந்தது. சொம்பு வரவில்லை. நான்காவது வீட்டிலும் வரவில்லை. சேர்மன் வேர்த்த கழுத்தைத் துடைத்துக்கொண்டு சமையலறைப் பக்கம் ஒரு தடவை பார்த்தார். அவர் இந்த ஊர்க்காரர், வந்தவருக்குச் சொம்பு நீட்டாத வீடு என்றால் என்ன அர்த்தம் என்று தெரிந்தவர். ராகவனுக்குப் புரியாதது அவருக்குப் புரிய ஆரம்பித்தது. வழக்கமாகக் கணீரென்று பேசுகிறவர் குரல் வீட்டுக்கு வீடு இறங்கிக்கொண்டே வந்தது. ஆறாவது வீட்டுக்கு அப்புறம் கேள்வியே கேட்கவில்லை, சும்மா உட்கார்ந்து எழுந்தார்.

கடைசியாகத்தான் சரஸ்வதி வீடு. சேர்மன் நாற்காலியில் உட்கார்ந்து, உதட்டை நனைத்துக்கொண்டு, "ஏனம்மணி, குடிக்கக் கொஞ்சம் தண்ணி கெடைக்குமுங்களா?" என்றார். உள்ளே அண்டா நிறையத் தண்ணீர் இருந்தது. அவர் உட்கார்ந்த இடத்திலிருந்தே அது தெரிந்தது. சரஸ்வதி நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஆனால் குரலில் மரியாதை கொஞ்சமும் குறையவில்லை. "வெள்ளிக்கெழமதானுங்க எங்க தெருவுக்கு மொறை. இருந்து குடிச்சுப்போட்டுப் போங்க."

சேர்மன் எழுந்து கையெடுத்துக் கும்பிட்டார். வெளியே வந்து ஜீப்பில் ஏறும்போது என்னிடம், சிவப்பு அடித்துவிடுங்கள் என்று மட்டும் சொன்னார். நான் துள்ளிக் குதித்துக்கொண்டு உள்ளே ஓடினேன். சரஸ்வதி அண்டாவுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டு தேம்பிக்கொண்டிருந்தார். தொட்டி வந்துவிட்டது, உங்களால்தான் என்று அவர் தோளைப் பிடித்து உலுக்கினேன். அது அவர் காதில் ஏறவே இல்லை. "வாய் தெறந்து தண்ணி கேட்டவருக்கு இல்லைன்னு சொல்லிப்போட்டனே அம்மணி, இனி அவிய கடைக்குப் போனா அவரு பொண்டாட்டி மூஞ்சில நான் எப்படிங்க முழிப்பேன்?"

மேட்டுத் தெருவில் தொட்டி கட்டித் தண்ணீரும் ஏறிவிட்டது, ஆனால் அதற்கப்புறம் வந்த எந்தக் கன்சல்டன்டின் படிவத்திலும் 'குடிக்கத் தண்ணீர் கொடுத்தார்களா?' என்று ஒரு கட்டம் போட்டு நான் பார்த்ததில்லை.