வலிக்குத்தான், பல்லுக்கு இல்லை

பல் ஆஸ்பத்திரி வாசலில் ஒரு நாகலிங்க மரம் நின்றது. ஊரில் உள்ள மரமெல்லாம் கிளையில் பூக்கும்போது, இது மட்டும் அடிமரத்தைச் சுற்றிக் கயிறு கயிறாய்த் தொங்கவிட்டு அதில்தான் பூக்கும். கனத்த இதழ், நடுவில் குடை மாதிரிக் கவிழ்ந்த ஒரு மூடி, தெருமுனை வரைக்கும் வாசனை. பார்க்கிறவர்களுக்கு அழகு. கூட்டுகிறவளுக்கு வேலை. காலையில் இரண்டு கூடை இதழ், மத்தியானம் ஒரு கூடை. நடுவில் தலை பருமன் காய் ஒன்று தொப்பென்று விழுந்து உடைந்தால், அந்த நாற்றத்தைக் கழுவ மூன்று வாளித் தண்ணீர். பத்தொன்பது வருஷமாக இந்தக் கைங்கரியத்தைச் செய்து வந்தவளை எல்லோரும் இலையக்கா என்று கூப்பிட்டார்கள்.

இலையக்கா என்ற பெயர் சும்மா வரவில்லை. அந்த மரத்தின் துளிரை மென்று, வலிக்கிற பல்லில் அடக்கிக்கொண்டால் வலி மட்டுப்படும் என்பது அந்த வட்டாரத்தில் எல்லோருக்கும் தெரிந்த வைத்தியம். பட்டையைக் கொதிக்க வைத்துச் சளிக்கும் வயிற்று வலிக்கும் குடிப்பார்கள். இலைச் சாற்றைச் சொறிக்குத் தடவுவார்கள். மூக்கைப் பிடித்துக்கொண்டு பழச் சதையைப் புண்ணில் வைத்துக் கட்டுகிறவர்களும் உண்டு. ஆனால் பல் ஆஸ்பத்திரி வாசலில் எதற்குக் கிராக்கி இருக்கும் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. உள்ளே மெஷின் சத்தம் கேட்டதுமே பாதிப் பேருக்குக் கால் தானாக வாசலுக்குத் திரும்பிவிடும். டோக்கனைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு, "அக்கா, ரெண்டு இலை" என்று வந்து நிற்பார்கள்.

பறித்துக் கொடுப்பாள். கூடவே ஒரு வார்த்தை சொல்வாள்: "இது வலிக்குத்தான், பல்லுக்கு இல்ல. உள்ள போய்க் காட்டிடுங்க." இது டாக்டரம்மா சொல்லிக்கொடுத்தது. "இலை குடுக்காதேன்னா நீ கேக்கப் போறதில்ல. இதையாவது சொல்லிக் குடு" என்று பத்து வருஷம் முன்னால் தலையில் அடித்துக்கொண்டு சொன்னார். அன்றிலிருந்து நாளைக்கு இருபது தடவையாவது சொல்லிக்கொண்டிருந்தாள். கேட்டவர்கள் பாதி, காதில் போட்டுக்கொள்ளாதவர்கள் பாதி.

இன்னொரு விஷயம் உண்டு. உள்ளே வேலை செய்கிறவர்களே மாஸ்க்கைத் தாடைக்கு இறக்கிவிட்டுத் திரிய, இவள் வெயிலில் கூட்டும்போதும் கழற்ற மாட்டாள். சுத்தக்காரி என்று பேர் வாங்கிவிட்டாள். உண்மை அதுவல்ல. மாஸ்க்குக்குப் பின்னால் கீழ்வரிசையில் நாலு பல் கிடையாது, மிச்சத்தில் பாதி கறுத்த வேர். முதல் பல் வலித்த அன்று ஒரு இலையை அடக்கினாள், வலி அடங்கிவிட்டது. லீவு நாளில் டாக்டரம்மாவிடம் காட்டலாம் என்று இருந்தாள். லீவு நாளன்று மாமனார் வழுக்கி விழுந்து படுத்த படுக்கையானார். அப்புறம் அவளுக்கு லீவு என்று ஒன்று வாய்க்கவே இல்லை. வருஷங்கள் போன பிறகு வெட்கம் சேர்ந்துகொண்டது. பல் ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறவளின் வாயா இது என்று நாலு பேர் சிரித்தால் முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது? மத்தியானச் சோற்றைச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துதான் சாப்பிடுவாள்.

ஒரு திங்கட்கிழமை அவளுக்கு உடம்பில் உயிர் ஒட்டிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். மாமனாருக்கு முதுகுப் புண். மூன்று நாளாக மணிக்கொரு தரம் புரட்டிப் படுக்க வைத்ததில் கண்ணெல்லாம் மணல் அள்ளிப் போட்டதுபோல உறுத்தியது. மரமும் தன் பங்குக்கு இரண்டு காய்களை உடைத்து வைத்திருந்தது. பெயிண்ட் அடிக்கிறவர் ஒருவர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வந்தார். இலை கொடுத்தாள்.

"நீங்களும் இதைத்தான் மெல்லுவீங்களாக்கா?"

ஆமாம் என்று தலையை ஆட்டினாள்.

வழக்கமாகச் சொல்லும் அந்த வார்த்தையை மட்டும் சொல்லவில்லை. கெட்ட எண்ணமா, அதெல்லாம் இல்லை. பேசத் தெம்பில்லை. பெயிண்டர் டோக்கனோடு தெருவில் இறங்கிப் போவதைப் பார்த்தாள். நாளைக்கு வருவார் என்று நினைத்துக்கொண்டு துடைப்பத்தை எடுத்தாள்.

வியாழக்கிழமை காலையில் அவர் மனைவி வந்தாள்.

"அக்கா, திங்கக்கிழமை எங்க வீட்டுக்காரருக்கு இலை குடுத்தீங்களே, பெயிண்டரு. அதுலதான் கொஞ்சம் நிம்மதியா இருக்காரு. இன்னும் ஒரு கை குடுங்க."

"இப்ப எப்படி இருக்காரு?"

"கழுத்துவரைக்கும் வீங்கிடுச்சு. எச்சில் முழுங்க முடியல, மூச்சு வாங்குது. ஆனா வலி குறைஞ்சிடுச்சுங்கறாரு."

இலையக்கா துடைப்பத்தைக் கீழே போட்டாள். வீக்கம் கழுத்துக்கு இறங்கிய ஒருவரை டாக்டரம்மா நாற்காலியில்கூட உட்கார வைக்காமல் ஆம்புலன்சில் ஏற்றியதைத் தரை துடைத்துக்கொண்டே பார்த்தவள் அவள்.

"இலையும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். இப்பவே கூட்டிட்டு வா."

"கூப்பிட்டுப் பாத்துட்டேன். வர மாட்டேங்கறாரு. ஆஸ்பத்திரியில வேலை செய்ற அக்காவே இதைத்தான் மெல்லுறாங்க, அவங்க நல்லாத்தானே இருக்காங்கன்னு என் வாயை அடைக்கறாரு."

வாசல் பெஞ்சில் டோக்கனோடு பத்துப் பன்னிரண்டு பேர். அடுத்த நம்பரைக் கூப்பிட டாக்டரம்மாவே கதவருகில் வந்து நின்றார். இலையக்கா மாஸ்க்கைக் கீழே இறக்கினாள். வாயை நன்றாகத் திறந்தாள்.

"பாத்துக்கோ. இந்த மரத்து இலையை என்னைவிட அதிகமா மென்னவங்க யாரும் கிடையாது. எனக்கும் வலிக்கல. வலிக்காமலே எல்லாம் போச்சு. இதைப் போய் அவர்கிட்ட சொல்லு. அன்னைக்குத் தலையை ஆட்டினவ பாதியைத்தான் சொன்னான்னு சொல்லு."

பெஞ்சில் ஒருவரும் சிரிக்கவில்லை. அந்தப் பெண் அந்த வாயையே ஒரு நிமிஷம் பார்த்தாள். பிறகு செருப்பு நழுவுவதைக்கூடக் கவனிக்காமல் ஓடினாள்.

அரை மணியில் ஆட்டோ வந்தது. டாக்டரம்மா வாசலிலேயே பார்த்துவிட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். அன்று மத்தியானமே கழுத்தைக் கீறிச் சீழை எடுத்தார்கள். பிழைத்துக்கொண்டார். இன்னும் ஒரு நாள் விட்டிருந்தால் மூச்சு அடைத்திருக்கும் என்றார்களாம்.

இலையக்கா துடைப்பத்தைப் பிடித்துக்கொண்டு டாக்டரம்மா முன்னால் போய் நின்றாள். "அன்னைக்கு அவருகிட்ட நான் உள்ள போய்க் காட்டச் சொல்லல டாக்டர். அலுப்பா இருந்துச்சு. விட்டுட்டேன்." திட்டு விழும் என்று காத்திருந்தாள். விழுந்திருந்தால் மனசு கொஞ்சம் லேசாகியிருக்கும்.

டாக்டரம்மா திட்டவில்லை. "இத்தனை வருஷம் உன் வாயை நான் பாக்கவே இல்லையே" என்றார். "சனிக்கிழமை கடைசி டோக்கன் உனக்கு."

சனிக்கிழமை, பழக்க தோஷம், நாற்காலியை முதலில் தானே துடைத்தாள். அப்புறம் உட்கார்ந்தாள். அது மெல்லப் பின்னால் சாய்ந்தது. பத்தொன்பது வருஷமாகத் துடைத்த நாற்காலி இவ்வளவு சொகுசு என்று ஒருத்தரும் அவளிடம் சொன்னதில்லை. ஜன்னல் வழியாக அடிமரத்துப் பூக்கள் தெரிந்தன. கூட்ட வேண்டிய பூக்களாக இல்லாமல் வெறும் பூக்களாக.

"பயமா இருக்கா?" என்று கையுறையை மாட்டிக்கொண்டே கேட்டார் டாக்டரம்மா.

இலையக்கா வாயைத் திறந்தபடியே தூங்கிப் போயிருந்தாள். நர்ஸ் தோளைத் தொடப் போனாள். டாக்டரம்மா வேண்டாமென்று தலையசைத்து விளக்கை அணைத்தார்.

வாசலில் காய் ஒன்று தொப்பென்று விழுந்து உடைந்தது. அதைக் கழுவ அன்று யாரும் எழுந்து போகவில்லை.