அண்டா மூடி

எண்பதுகளில் காளவாசலுக்கு மேற்கே வீடு கட்டியபோது, சமையலறை அலமாரிக் கதவுக்கு எந்தப் பலகை போடுவது என்று ஒரு மாதம் இழுத்தடித்தேன். ஆசாரி பிளைவுட்தான் என்றார். கடைக்காரரோ மரத்தூளை அழுத்திச் செய்த புதுப் பலகையைக் காட்டினார். தடவினால் கண்ணாடி மாதிரி வழுக்கியது. இரண்டிலும் சதுரமாக ஒரு துண்டு வாங்கி வந்து, ஆராயப்போவதாக அறிவித்து மேஜையில் வைத்தேன்.

மறுநாளே என் மனைவி பிளைவுட் துண்டை எடுத்துத் தண்ணீர் அண்டாவுக்கு மூடியாக்கிவிட்டாள். மற்றது மேஜையிலேயே, செய்தித்தாள் பறக்காமல் இருக்கக் கனமாகக் கிடந்தது.

மாதக் கடைசியில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். பிளைவுட் கறுத்துப்போயிருந்தது. மற்றதில் ஒரு கீறல்கூட இல்லை.

"பாருங்கண்ணே, எது உழைக்கும்னு இப்பத் தெரியுதா?" என்றேன். ஆசாரி ஏதோ சொல்ல வாயெடுத்தார். "படிச்சவன் நானா, நீங்களா?" என்று கேட்டேன். அவர் நான் சொன்ன பலகையிலேயே கதவு செய்து மாட்டிவிட்டுப் போனார்.

குடிபோன பிறகு வெள்ளிக்கிழமைதோறும் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றித் தரையைக் கழுவினோம். நான்காம் வெள்ளியன்று அலமாரிக் கதவின் அடிப்பாகம் டீயில் நனைத்த ரொட்டி போல உப்பி உதிர்ந்தது. கடைக்காரரை வாய்க்கு வந்தபடி திட்டினேன்.

மனைவி அண்டா மூடியை எடுத்து, ஒரு செம்புத் தண்ணீர் மொண்டு என்னிடம் நீட்டினாள். மூடி கறுத்திருந்தது, வளையக்கூட இல்லை.

"குடிங்க. இம்புட்டு நாளா இது தண்ணி மேலதான கெடந்துச்சு? ஒங்க பலகைய ஒரு நாளாவது நனைச்சுப் பாத்தீகளா?"