அரை உலகமும் ஒரு நட்டும்

வேலுச்சாமி இறந்த செய்தி வந்தபோது என் சட்டைப்பையில் ஒரு நட்டு இருந்தது. சோழவந்தான் நெல் ஆலை ஒன்றில் பழுதாகிக் கிடந்த எஞ்சினிலிருந்து கெஞ்சி வாங்கியது. மதுரை ரயிலடியில் எங்கள் பள்ளிப் பியூன் காத்திருந்தான்.

"பூகோள வாத்தியார் போயிட்டாருங்கய்யா. காய்ச்சல் மண்டைக்கு ஏறிருச்சு."

பையிலிருந்து கையை எடுக்கவில்லை. இரும்பு சூடாக இருந்தது.

அவரை அறிந்த உங்களுக்கு இந்த நட்டுக் கதையில் பாதி தெரியும். பள்ளியில் அவர் பூகோளம், நான் ஆங்கிலம். ஊரிலுள்ள இரும்புக் கடைகளையெல்லாம் அவர் ஏறி இறங்கியதைப் பார்த்து, ஆசிரியர் அறையில், "மரை கழன்றது நட்டுக்கா, வாத்தியாருக்கா?" என்று சிரித்தீர்கள். எதற்காகத் தேடினார் என்பது மறுபாதி.

அவருடைய அண்ணன் பினாங்கில் இருந்தார். ஜப்பான்காரன் அங்கே நுழைந்த பிறகு கடிதம் இல்லை. ஒரு நாள் வேலுச்சாமி பள்ளியின் உலகப் படத்தைச் சுருட்டிக்கொண்டு போய்த் தன் தாயின் முன் விரித்தார். கண் மங்கிய அம்மாள் குனிந்து, மதுரைக்கும் பினாங்குக்கும் நடுவில் விரலை வைத்து அளந்தாள்.

"ஒரு சாண்கூட இல்லையேடா. இம்புட்டுத் தூரத்துல இருந்துக்கிட்டா ஒரு கடுதாசி போட மாட்டேங்குறான்?"

மறுநாள் என்னிடம் சொன்னார்: "தட்டையா வரைஞ்சா எல்லாமே பக்கத்துலதான் மாப்ள இருக்கும். எங்காத்தாவுக்கு உருண்டையாக் காட்டணும். கையால தடவிப் பாக்கணும்."

பள்ளியிலிருந்த உலக உருண்டையைப் பூச்சி தின்றுவிட்டது. கப்பல் இல்லாததால் புதியது வரவில்லை. ஆகவே மரத்தில் கடைவது என்று முடிவு செய்தார். பழைய பஞ்சாலைத் தண்டு ஒன்றை வாங்கி, கால்மிதியும் சக்கரமும் சேர்த்துத் தானே ஒரு கடைசல் எந்திரம் கட்டினார். தண்டோடு வந்தது ஒரே ஒரு நட்டு. அதை ஒரு வட்டப் பலகையில் புதைத்துத் தண்டில் திருகி, பலகையில் வாகைக் கட்டையை இறுக்கி, முன்பாதியை உருட்டியெடுத்தார். அழகாக வந்தது. பின்பாதியைக் கடைய, முடிந்த பாதியைக் கவ்விப் பிடிக்கும் மரக் கிண்ணம் ஒன்று வேண்டும். கிண்ணத்தைத் தண்டில் மாட்ட இன்னொரு நட்டு வேண்டும்.

கிடைக்கவில்லை.

தண்டின் நுனியிலிருந்து மரையோடு ஒரு துண்டை அறுத்து மடியில் வைத்துக்கொண்டு அலைந்தார். கீழவாசல் இரும்புக் கடை பாய் அதை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்.

"வாத்தியாரே, இது துரைமாரு காலத்து மரை."

"இப்பவும் துரைமாரு காலந்தான பாய்?"

"அப்படின்னா அவுககிட்டயே போயிக் கேளுங்க."

பஞ்சாலையில், எல்லாம் பட்டாளத்துக்குப் போகிறது என்றார்கள். கொல்லன் அராவிக் கொடுத்தது ஆடியது. சில நட்டுகள் சுலபமாக ஏறும். எனக்கு மகிழ்ச்சி பொங்கும். அவர் முகம் மாறாது. "ரெண்டு சுத்து ஏறுறத நம்பாத மாப்ள. மூணாவது சுத்துலதான் அது யாரு வீட்டுப் புள்ளைன்னு தெரியும்."

எனக்கு எரிச்சல் வந்தது. பின்பாதியைக் கையாலேயே செதுக்கலாமே என்றேன். "அது உலகமில்ல, உருளைக்கிழங்கு" என்றார். பலகையில் புதைத்த நட்டையே பெயர்த்தெடுங்கள் என்றேன். நெடுநாள் மறுத்து, கடைசியில் பெயர்த்தார். அது பிளந்தது. இரண்டு துண்டையும் சேர்த்துப் பிடித்துப் பார்த்துவிட்டு, "இப்ப அதுவும் இல்ல" என்றார். அவ்வளவுதான்.

காத்திருந்த நாட்களில் முடிந்த பாதியில் மையால் நாடுகளை வரைந்தார். அதன் நடுவில் இருந்தது இங்கிலாந்து. நம் ஊர் விளிம்பில் கிடந்தது. வங்கக் கடலுக்கு அப்பால் உலகம் முடிந்து, கோடாலி பட்ட கட்டை தொடங்கியது.

"நம்ம ஊரை நடுவுல வச்சிருக்கலாமேண்ணே. பினாங்கும் இந்தப் பாதியிலேயே வந்திருக்கும்."

இங்கிலாந்தின் மேல் விரலை வைத்தார். "பாடம் அங்கதானப்பா ஆரம்பிக்குது. இருபது வருசமா அப்படியே நடத்திட்டேன். கை தானாப் போயிருச்சு." பிறகு, "அடுத்த பாதியில வந்துரும்" என்றார்.

அடுத்த பாதி வரவில்லை. காய்ச்சலில் கிடந்தபோதும் அந்த மரைத் துண்டு தலையணைக்கு அடியில்தான் இருந்தது. அதைக் கேட்க மனம் வராமல், கண்ணளவை நம்பித்தான் நான் சோழவந்தான் போனேன். காரியம் முடிந்த மறுநாள் அந்த நட்டை மரைத் துண்டில் மாட்டிச் சுற்றினேன். மூன்றாவது சுற்றில் நின்றது.

அம்மாள் என்னைப் பக்கத்தில் அழைத்தாள். "இவன் போயிட்டான். மூத்தவனுக்கு யாரு சொல்றது? அவன் எங்கிட்டு இருக்கான்னு காட்டுப்பா."

அரை உலகத்தை அவள் மடியில் வைத்து, விரலைப் பிடித்து மதுரையில் வைத்தேன். கடலின் மேல் நகர்த்தினேன். வழவழப்பு முடிந்தது. விளிம்பைத் தாண்டிக் கட்டையின் மேல் வைத்தேன்.

"இங்கம்மா."

தடவிப் பார்த்தாள். "இங்க வெறும் மரமால்ல இருக்கு."

உலகம் அவளிடமே இருக்கிறது. அவர் நினைவாக என்னிடம் இருப்பவை அந்த மரைத் துண்டும், அதில் மூன்றாம் சுற்றில் நின்றுபோன நட்டும், கழற்றாமல் வைத்திருக்கும் கடைசல் எந்திரமும். பின்பாதியை நான் கடைவேன். கோணலாகத்தான் வரும்.

துக்கம் கேட்க இன்னும் வராதவர்கள் இருக்கிறீர்கள். முக்கால் அங்குலத் தண்டு, பழைய ஆங்கில மரை. வீட்டுப் பரணில், கிணற்றடியில், உடைந்த எந்திரத்தில் தேடிப் பாருங்கள். மாலை வேண்டாம். நட்டு கொண்டு வாருங்கள்.