செர்பியாக்காரிக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்தேன்

முதல் நாள்

"ஐ ஆம் நர்ஸ். வேர் இஸ் புக்?"

மிலேனா என்னிடம் பேசிய முதல் பேச்சு இது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில், ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரிக்கு வரும் வெள்ளைக்கார நர்ஸுகளுக்குத் தமிழ் கற்பிப்பது என் வேலை. முன்ஷியம்மா என்பார்கள். மிலேனா செர்பியாக்காரி, என் வயதுதான் இருக்கும். இங்கிலீஷில் சொல்லுக்கு முன்னால் 'எ', 'தி' என்று ஒட்டுவார்களே, அது அவள் வாயில் வரவே வராது. ஆஸ்பத்திரித் தலைவியான பெரிய மிஸ்ஸியம்மாவுக்கு அதைக் கேட்டாலே சோற்றில் கல் கடித்தது போல முகம் போகும்.

"இங்கிலீஷே வராத ஒரு பெண்ணுக்கு அந்தத் தமிழ் எப்படி வரும்? கிறிஸ்மஸுக்கு முன்னால் ஒரு பரீட்சை இருக்கிறது. அந்தப் பரீட்சையில் தோற்றால் ஒரு கப்பலில் அனுப்பிவிடுவேன்" என்றார் என்னிடம். இத்தனை வருஷம் இங்கே இருந்தும் மிஸ்ஸியம்மாவின் தமிழ் இதுதான், தொட்டதற்கெல்லாம் ஒரு 'ஒரு', ஒரு 'அந்த'. யார் போய்ச் சொல்வது?

மிலேனாவுக்குத் திரும்பிப்போக வீடில்லை. முதல் யுத்தத்தில் வீட்டார் எல்லோரும் போய்விட்டார்கள்.

புத்தகத்தை மூடியது

மிஷன் கொடுத்த பாடப்புத்தகத்தில் இடப்பக்கம் இங்கிலீஷ், வலப்பக்கம் தமிழ். 'எ' என்றால் 'ஒரு', 'தி' என்றால் 'அந்த'. பாவம், அவள் முதலில் இங்கிலீஷில் தடுக்கி விழுந்து, எழுந்து, அப்புறம் தமிழுக்கு வர வேண்டும். மழைக்காலம் தொடங்கியும் பாடம் நகரவில்லை. எனக்கு எரிச்சல் வந்துவிட்டது.

"மூடுங்க மிஸ் அத. உங்க பாஷையில வீட்டுக்கு என்ன பேரு?"

"கூச்சா."

"பெரிய வீடு?"

"வெலிகா கூச்சா."

"இந்த என் பெரிய வீடு?"

"ஓவா மோயா வெலிகா கூச்சா."

விரல் மடக்கிப் பார்த்தேன். இந்த, என், பெரிய, வீடு. வரிசைகூட மாறவில்லை. 'எ'யும் கிடையாது, 'தி'யும் கிடையாது. இங்கிலீஷிலோ 'இந்த' வந்தால் 'என்' வெளியே நிற்க வேண்டும். எங்கள் இரண்டு பாஷையிலும் அவை இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் உட்காரலாம்.

"ஏட்டி, நீ நம்ம ஊர்க்காரில்லா!" என்று கத்தியேவிட்டேன். அவள் சிரித்த சிரிப்பு இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

அன்றோடு இங்கிலீஷை விட்டோம். தினமும் நோயாளிகளோடு வராந்தாவில் உட்கார்ந்து பேசச் சொன்னேன்.

பரீட்சை

ராஜபாளையத்திலிருந்து பாதிரியார் ஐயா பரீட்சை வைக்க வந்தார். மொழிபெயர்க்க வேண்டிய இங்கிலீஷ் வாக்கியங்களை எடுத்து மேஜையில் வைத்தார். நான் எழுந்தேன்.

"ஐயா, இது வேண்டாம். வராந்தாவுக்கு வாங்க. நோயாளிகிட்ட பேசச் சொல்லிப் பாருங்க."

பெரிய மிஸ்ஸியம்மா முறைத்தார். தோற்றால் என் வேலையும் போகும் என்று தெரிந்தது. ஐயா எழுந்து நடந்தார்.

சோழபுரத்துப் பெண் ஒருத்தி காய்ச்சல் பிள்ளையோடு இருந்தாள்.

"எப்பம் இருந்து காச்சல்?" என்றாள் மிலேனா.

"நேத்துல இருந்தும்மா. அவிய வயக்காட்டுக்குப் போயிட்டாவ. அதான் நானே தூக்கிட்டு வந்தேன்."

மிஸ்ஸியம்மா குறுக்கிட்டார். "யார் அவர்? சீட்டில் ஒரு பெயர் எழுத வேண்டும். சொல்!"

அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டாள். புருஷன் பெயரை அவள் எப்படிச் சொல்வாள்?

மிலேனா அவளை வற்புறுத்தவில்லை. பக்கத்தில் இருந்தவளிடம் திரும்பினாள். "அக்கா, பிள்ளையோட அப்பா பேரு நீங்க சொல்லுங்க."

"மாடசாமி."

குனிந்திருந்தவள் முந்தானையால் வாயை மூடிச் சிரித்தாள். மிலேனா பிள்ளையை வாங்கிக்கொண்டாள். "செத்த நேரம் இருங்க. மருந்து தாரேன். அவியள கவலப்பட வேண்டாம்னு சொல்லுங்க."

ஐயா பேனாவை மூடினார். "இதுக்கு மேல நான் என்னத்தக் கேக்க? பாஸ்!"

முன்ஷி வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு இன்றும் நான் சொல்வது ஒன்றுதான். பாஷை கற்க வருகிறவர் வெறுங்கையோடு வருவதில்லை. வீட்டிலிருந்து என்ன கொண்டுவந்திருக்கிறார் என்று முதலில் கேளுங்கள்.

அன்று பரீட்சை முடிந்ததும் மிலேனா என் தோளைப் பிடித்து மிஸ்ஸியம்மா முன்னால் நிறுத்தினாள். "திஸ் மை டீச்சர் இஸ் குட் டீச்சர்!"

திருத்துவதற்காக மிஸ்ஸியம்மாவின் வாய் திறந்தது. பிறகு என்ன நினைத்தாரோ, தமிழில் சொன்னார்:

"சரி. இந்த உன் டீச்சர் நாளைக்கு எனக்கும் பாடம் சொல்ல வரட்டும்."