பெரியண்ணி கேட்டு வாங்கிய நடுக்கூடம்

எங்கள் பெரியண்ணியைப் பிடிவாதக்காரி என்பார்கள். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். நின்ற இடத்தில் நின்றாள், அவ்வளவுதான்.

எங்களுடையது வெள்ளைக்காரத் துரை கட்டிய பண்ணை வீடு. அப்பா அவரிடம் குதிரை பார்த்தவர். துரை கப்பலேறியபோது அப்பா அதை வாங்கிக்கொண்டார். இடுப்பளவு உயர்ந்த மேடை, முழங்கை அகலத்துக்குச் சுவர், சூடு வெளியேறக் கூரையடியில் காற்றுத் துவாரம். நடுவில் பெரிய கூடம். துரைக்குத் திருட்டுப் பயம். ஆகவே எந்த அறைக்கும் வெளிப்பக்கம் வாசல் கிடையாது. எல்லாக் கதவும் கூடத்தில்தான் திறக்கும். சமையல்கட்டு மட்டும் தனியாகக் கொல்லையில். புகை துரையின் மூக்குக்கு வரக்கூடாதாம்.

அப்பாவுக்குப் பின் பெரிய அண்ணனும் இறந்த பிறகு வீட்டைப் பங்கு பிரித்தார்கள். அவர் தம்பிகள், என் நடு அண்ணனும் சின்ன அண்ணனும், முன்கூட்டியே பேசிவைத்திருந்தார்கள்.

"நீங்க ஒத்த ஆளு, அண்ணி. கொல்லையில சமையக்கட்டு சும்மாதானே கெடக்கு?" என்றார் நடு அண்ணன்.

"துரை புகையைத்தான் அங்க தள்ளுனாரு. நீங்க என்னையே தள்ளுறீங்களா, தம்பி? நான் இந்த வீட்டுக்குள்ளதான் இருப்பேன். மூத்தவர் பங்கு, நான்தான் முதல்ல கேப்பேன்."

இருவர் முகமும் வாடிவிட்டது. நல்ல அறை போயிற்று என்று நினைத்தார்கள்.

"கூடத்தைக் குடுங்க" என்றாள்.

சின்ன அண்ணனுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "அது நடக்குற எடம், அண்ணி!"

"இருக்கட்டும்."

அவள் மனசு மாறுவதற்குள் தலையாட்டிவிட்டார்கள். "அண்ணிக்கு வெவரம் பத்தாது" என்று கடைசித் தங்கையான என் காதில் வேறு கிசுகிசுத்தார் சின்னவர்.

மறுநாள் கூடத்தின் நட்டநடுவில் அண்ணியின் கட்டில். வாசல் கதவில் தாழ்ப்பாள்.

"எங்க வீட்டுக்குப் போக உங்களைக் கேக்கணுமா?" என்று குதித்தார் சின்ன அண்ணன்.

"உங்க வீட்டுக்குத் தாராளமாப் போங்க. என் வீட்டு வழியாப் போனா ஒரு வார்த்தை கேளுங்க."

ரோஷம் வந்து கொத்தனாரைக் கூட்டிவந்தார். சன்னலை இடித்து வாசலாக்கி, வெளியே ஏணி சாத்தினார். அவர் பெண்டாட்டி ஏணியை ஏற இறங்கப் பார்த்தாள்.

"இதுல ஏறி எறங்க நான் என்ன திருடியா? நீங்க வேணா தாவுங்க. நான் அக்காவைக் கேட்டுட்டு மகாராணி மாதிரி முன்வாசல்ல போறேன்."

சொன்னபடியே கேட்டாள், அண்ணி உடனே கதவைத் திறந்தாள். சின்ன அண்ணன் மட்டும் ஏணியிலேயே தொங்கிக்கொண்டிருந்தார். ஒரு பெருமழையில் ஏணி வழுக்கிக் கீழே விழுந்து, சேறும் சகதியுமாக முன்வாசலுக்கு வந்து நின்றார்.

"அண்ணி, உள்ள வரலாமா?"

"வாங்க தம்பி. காலைத் தொடச்சுக்கிட்டு வாங்க."