வாவி திருப்பிக் கொடுத்தது

குப்பையைப் பற்றிப் பீற்றிஸிடம் வாய் கொடுத்தால் வாங்கிக் கட்டிக்கொண்டுதான் போக வேண்டும். வாவிக்கரையில் எல்லா வழியையும் பார்த்து முடித்தவள் அவள்.

முதலில் எரித்தாள். பொலித்தீன் புகை பக்கத்து வளவு மத்தேயுவின் கருவாட்டில் இறங்கியது. அவர் ஒரு கிழமை முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறகு குழி வெட்டினாள். "மண்ணுக்குள்ள போனா மண்தான்" என்று மார்தட்டினாள். மார்கழி மழையில் வாவி வளவுக்குள் ஏறியது. கைக்குழந்தை மகளுக்குக் கட்டிக் கழற்றிப் புதைத்த பம்பஸெல்லாம் ஊதிப் பெருத்து, ஒழுங்கை வழியே மாதா கோயில் வாசலுக்கு ஊர்வலம் போயின. அந்த ஒழுங்கையில் கைக்குழந்தை உள்ள வீடு ஒன்றுதான்.

வெள்ளம் வடிந்ததும் தென்னையடி மேட்டில் அடியில்லாத பீப்பாய்ப் பரல் ஒன்றை நிறுத்தினாள். மீன் கழிவு, மரக்கறித் தோல், சருகு எல்லாம் அதற்குள் உரமாயின. மகளுக்குப் பழைய சாரத்துணி கட்டினாள். மிஞ்சிய கொஞ்சப் பொலித்தீன் பிரதேச சபையின் குப்பை ஏற்றும் உழவு இயந்திரத்தில் போனது.

இந்த ஆவணியில் மத்தேயு மண்வெட்டியோடு வேலியடிக்கு வந்தார்.

"நானும் எரிக்கிறத விட்டிட்டன், பீற்றிஸ். புதைக்கப்போறன். நல்லந்தானே?"

பீற்றிஸ் பரலுக்குள் மீன் செதிலைக் கொட்டியபடி நிமிர்ந்தாள்.

"புதைங்க அண்ணன். எதையெதைப் புதைக்கிறீங்க எண்டு நான் கேக்க மாட்டன். மார்கழியில பூசைக்கு வரக்குள்ள கோயில் வாசல்ல பாப்பன்."