குழாயடி அரசாங்கம்

ஆறாம் வகுப்பில் அரசாங்கங்கள் எத்தனை வகை என்று டீச்சர் நடத்தியபோது, வகுப்பிலேயே நான் ஒருத்திதான் புரிந்து தலையாட்டினேன். அவற்றில் இரண்டை எங்கள் தெருக் குழாயடியில் ஏற்கெனவே பார்த்திருந்தேன்.

பிள்ளையார்பாளையத்தில் எங்கள் தெருவுக்கு, பத்து வீட்டுக்கும் சேர்த்து, ஒரே குழாய். காலையில் ஒரு மணி நேரம் தண்ணீர் வரும். குழாய் முதலாளியம்மா வீட்டு வாசலில் இருந்ததால் ஆட்சி அவருடையது. தெருவிலுள்ள தறிகளுக்கெல்லாம் பட்டும் சரிகையும் கொடுத்து நெய்யச் சொல்பவர் அவர் வீட்டுக்காரர். முதலாளியம்மாவுக்கு முன்னால் அவர் மாமியார் குழாயை ஆண்டாராம். ஆக, சுத்தமான மன்னராட்சி. அரண்மனை அண்டா குண்டாவெல்லாம் நிறைந்த பிறகே குடிமக்களுக்கு. கடைசி வீடான எங்கள் முறை வரும்போது குழாயில் வெறும் காற்றுதான் வரும்.

அம்மாவுக்கு அப்போது எட்டாம் மாதம். தூரத்துக் கிணற்றுக்குத்தான் நடப்பாள். ஆண்கள் தண்ணீர் எடுப்பது எங்கள் தெருவில் எந்த ஆட்சியிலும் வழக்கமில்லை. ஒருநாள் பாதி வழியில் குடத்தை இறக்கிவைத்து, வெயிலில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

இதைக் கேள்விப்பட்டு, பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்று வந்திருந்த பெரியப்பா ஒரு விசிலோடு குழாயடியைக் கைப்பற்றினார். வீட்டுக்கு இரண்டு குடம், வரிசையில் பேச்சு கூடாது. சர்வாதிகாரம் மூன்று நாள் நன்றாகத்தான் நடந்தது. நாலாம் நாள் பெரியம்மா நாலு குடத்தோடு வந்தார். விசில் ஊதவில்லை. முதலாளியம்மா மறுபடியும் அரியணை ஏறினார்.

டீச்சர் மக்களாட்சி நடத்திய மறுநாள், ஓட்டெடுக்கலாம் என்று நான்தான் குழாயடியில் சத்தமாகச் சொன்னேன். முதலாளியம்மா சிரித்தார். "எடுத்தா போச்சு. நான் புடிச்ச அப்புறம் மத்தவங்க புடிக்கறது சரின்றவங்க கை தூக்குங்கமா" என்றார். எல்லாக் கைகளும் உயர்ந்தன. அம்மாவின் கையும்! அன்று முழுக்க நான் அவளோடு பேசவில்லை.

அந்த வாரமே சரித்திர வகுப்பில் உத்திரமேரூர்க் குடவோலை வந்தது. பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் போட்டு, ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் சொன்னார்களாம். பக்கத்து ஊர்தானே, நமக்கும் ஆகும் என்று அம்மாவிடம் மூச்சுவிடாமல் விளக்கினேன். ராட்டையில் நூல் சுற்றிக்கொண்டே கேட்டாள்.

மறுநாள் குழாயடியில் அவளே முதலாளியம்மாவிடம் பேசினாள்.

"அக்கா, தெனம் தண்ணிக்கு அடிச்சிக்கினு இருக்கறது நல்லாவா இருக்குது? பிள்ளையார் முன்னால சீட்டு போட்டு எடுப்போம். சாமி யார் பேரைச் சொல்லுதோ அவங்க மொதல்ல புடிக்கட்டும்."

மகள் கல்யாணத்தையே சாமி முன்னால் சீட்டுப் போட்டு முடிவு செய்தவர் முதலாளியம்மா. மாட்டேன் என்று எப்படிச் சொல்வார்? கன்னத்தில் போட்டுக்கொண்டு சம்மதித்தார்.

தெருமுனைப் பிள்ளையார் முன்னால் குடத்தில் பத்துச் சீட்டு. எதிர்வீட்டு நாலு வயதுப் பொடியன் கையை விட்டு எடுத்தான். முதல் சீட்டு எங்கள் வீடு! நான் போட்ட கூச்சலில் கோபுரத்துப் புறாவே பறந்திருக்கும். முதலாளியம்மாவுக்கு ஏழாவது இடம். தண்ணீர் தளும்பத் தளும்ப முதல் குடத்தை நான் தூக்கிக்கொண்டு நடந்தபோது தெருவே எனக்கு வழிவிட்டது. அன்றிலிருந்து தினமும் சீட்டுதான்; முன்னால் வரும் நாளில் பின்னால் வரும் நாளுக்கும் சேர்த்துப் பிடித்துவைத்தோம். அம்மா அந்தக் கிணற்றுப் பக்கம் போகவே இல்லை. தம்பி பிறந்த அன்று வீட்டில் எல்லாப் பாத்திரத்திலும் தண்ணீர் இருந்தது.

ஆனால் தெருவில் புகழெல்லாம் பிள்ளையாருக்குப் போனது. எனக்குப் பொறுக்கவில்லை. அது குடவோலை, நான் சொன்னது என்று எல்லாரிடமும் சொல்லும்படி அம்மாவை நச்சரித்தேன்.

"யார் சொன்னா இன்னாடி? கொடம் ரொம்பிச்சா இல்லியா?" என்றாள்.

பிள்ளையாரிடம் தோற்றால் முதலாளியம்மாவுக்கு அவமானமில்லை, நம் தறிக்குப் பட்டு கொடுக்கிறவரை எதிர்த்து நாம் யாரும் கை தூக்கவும் வேண்டியதில்லை என்று அவள் கணக்காக யோசித்திருந்தாள். பரீட்சையில் மக்களாட்சிக்கு முழு மதிப்பெண் வாங்கிய எனக்கு அப்போது இது எதுவும் விளங்கவில்லை. என் சரித்திரத்தைத் திருடிவிட்டாள் என்று நாலு நாள் அவளோடு பேசாமல், அவள் பிடித்துவைத்த தண்ணீரை மட்டும் குடித்துக்கொண்டிருந்தேன்.